கீழ் அம்பு இரண்டு தடவை

எங்கள் வீட்டுக் கணினி கிளம்பி உட்கார ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் அப்பா கண்ணாடியைத் துடைத்துவிடுவார், சட்டைக் கையை மடித்துவிடுவார், நாற்காலியை இரண்டு தடவை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் அந்த ஒன்றரை நிமிடமும் காலை ஆட்டிக்கொண்டு பின்னால் நிற்பேன். சும்மா நிற்பது எனக்கு ஆகவே ஆகாது, வக்கீல் அக்கா. அது உங்களுக்கும் தெரியும். உங்கள் அலுவலகத்தில் நான் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்ததென்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

கணினியில் இருந்ததெல்லாம் எப்படி அழிந்தது என்று இரண்டு தடவை கேட்டீர்கள். முதல் தடவை அப்பா பதில் சொன்னார். இரண்டாம் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டேன், நீங்களும் விட்டுவிட்டீர்கள். பெற்ற அப்பாவைக் காட்டிக்கொடுக்கச் சங்கடப்படுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, மூடப்போன ஓர் அலுவலகத்திலிருந்து அந்தக் கணினியை அப்பா தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு பழைய சிஸ்டம் இருந்தது. என் பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும், அதனால் பக்கத்திலேயே அதையும் போட்டேன். ஒரு கணினிக்குள் இரண்டு சிஸ்டம் குடியிருந்தால், பொத்தானை அழுத்தியதும் எதை எழுப்புவது என்று கேட்க வாசலில் ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பெயர் பூட் லோடர். கறுப்புத் திரையில் நாலு வரி காட்டும், பத்து நொடி காத்திருக்கும், நீங்கள் எதையும் சொல்லாவிட்டால் முதல் வரியை எழுப்பிவிடும். அப்பா முதல் தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டல் சர்வர் வந்து நிக்கிற மாதிரியில்ல நிக்குது. என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்கன்னு."

முதல் இரண்டு வரிகள் லினக்ஸ். மூன்றாவது வரி பழைய சிஸ்டம், அப்பாவுக்கு வேண்டியது அதுதான். நான்காவது வரி, கணினியை வாங்கிய அன்று இருந்த நிலைக்குத் திருப்பிவிடும். நடுவில் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் திருப்பும்.

நாலு வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பா ஐந்தாம் வகுப்பு. தமிழ்ச் செய்தித்தாளை அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பார், ஆங்கிலம் வராது. இதைத் தமிழில் வைக்க முடியாதா பாப்பா என்று ஒரு தடவை கேட்டார். முடியாது என்றேன். முடியும். எழுத்துருவைச் சரிசெய்ய ஒரு மத்தியானம் ஆகியிருக்கும், எனக்கு மறுநாள் பரீட்சை. அந்த ஒன்றைத்தான் பொய் என்று ஒத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் வேலை.

அதனால் அவருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். கீழ் அம்பு இரண்டு தடவை, அப்புறம் என்டர். அவர் வாய்விட்டு எண்ணுவார். "ஒண்ணு. ரெண்டு." அப்புறம் ஒரு தட்டு. நாலு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. பாய்லர் ஹவுஸில் இருபத்தாறு வருடம் மீட்டர் பார்த்தவர், எண்ணிக்கையில் கெட்டி. உள்ளே போனபிறகு அடிக்கடி ஏதாவது ஆங்கிலப் பெட்டி வந்து நிற்கும், உடனே என்னைக் கூப்பிடுவார். ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "எது கேட்டாலும் என்டரைத் தட்டுப்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

எங்கள் தெருவில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள் நான். அதை எல்லோரும் வாழ்த்தாகச் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்கிறேன். முப்பத்தெட்டு வீட்டின் விண்ணப்பங்களும் என் தலையில் என்று அர்த்தம். காலையில் பல் துலக்கும்போதே யாராவது காகிதத்தோடு வாசலில் நிற்பார்கள். "படிச்ச பொண்ணு, உனக்கு ஒரு நிமிஷ வேலைதானே." ஒரு நிமிட வேலையாக எதையும் யாரும் கொண்டுவந்ததில்லை. முப்பத்தொரு இடத்துக்கு நான் எழுதிப்போட்ட விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தொரு இடமும் பதில் போடவில்லை என்பதால் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

முப்பத்திரண்டாவது இடம், அப்பா வேலை செய்யும் அதே சாய ஆலையின் அலுவலகம். மூன்றாம் மாடி, கண்ணாடிக் கதவு, எனக்கென்று ஒரு மேஜை. நேர்காணலில் மனிதவள அதிகாரி என் தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா நம்ம பாய்லர் ஹவுஸ்லதானே? நல்ல மனுஷன்" என்றார். அவ்வளவுதான். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அப்புறம் நிரந்தரம் என்று ஆணையில் போட்டிருந்தது. இதைச் செய், அதைச் செய்யாதே என்று இன்றுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் மேல் நீங்கள் பழி போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் பாய்லர் வெடித்தது.

செத்துப்போனவர் பாய்லர் ஆபரேட்டர், அப்பாவின் கூட்டாளி. ஆலையில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். முப்பது வருடத்தில் ஒரு ஷிப்டுக்கும் தாமதமாக வந்ததில்லை. எனக்குக் கடிகார மாமா. ஆபரேட்டர் தூங்கிவிட்டார், அதனால் அழுத்தம் ஏறியதைக் கவனிக்கவில்லை என்று ஆலை அறிக்கை கொடுத்தது. அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நீங்கள் முதல் நாள் என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டபோது நானும் இருந்தேன். அவர் சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "எனக்கு எதுவும் வேணாம்மா. அவர் தூங்கலைன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, போதும்."

வெடித்ததற்குக் காரணம் அவர் தூக்கம் இல்லை என்பதற்கு ஆதாரம் அப்பாவிடம் இருந்தது. வெடிப்பதற்குப் பதினோரு நாள் முன்னால் அப்பா தன் கைப்பேசியில் ஒரு பதிவு எடுத்திருந்தார். ஃபோர்மேன் எதையும் சொல்லிவிட்டு மறுநாள் சொல்லவில்லை என்பார், அதற்காக எடுத்தது. அதில் மாமாவின் குரல் தெளிவாக இருக்கும். "சேஃப்டி வால்வு ஒட்டிக்கிச்சு சார். நான் மூட்ட மாட்டேன். மூட்டணும்னா எழுதிக் குடுங்க." ஃபோர்மேன் சிரிப்பார். "எழுதிக் குடுக்க நீ என்ன முதலாளியா? மூட்டுய்யா." கடைசியில் மாமா அப்பாவிடம் திரும்பி, டீ மிச்சம் இருக்கா என்று கேட்பார். அத்தைக்கு அந்த இடம்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, "ஒரு தடவை போடுங்கண்ணா" என்று கேட்டு, டீ வரைக்கும் கேட்டுவிட்டுப் போவார்.

அது தவிர பதின்மூன்று தொழிலாளர்கள் பேசியதையும் அப்பா வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தார். அவர்களில் ஒன்பது பேர் அப்புறம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதனால் பதிவுகள் மட்டும்தான் மிச்சம். ஆலையில் இரண்டு பேரின் கைப்பேசியைப் பிடுங்கியதும், கைப்பேசியில் வைக்காதீர்கள், வீட்டுக் கணினிக்கு மாற்றுங்கள் என்றீர்கள். மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்ததை அழித்தோம். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள் என்று என்னிடம் தனியாகச் சொன்னீர்கள். எடுத்தேன். பென் டிரைவ் பழுதாகிவிட்டது என்று பிறகு உங்களிடம் சொன்னது நான்தான். அது நன்றாகத்தான் ஓடுகிறது. இப்போது அதில் அலுவலக வருகைப் பட்டியல் இருக்கிறது.

ஒரு புதன்கிழமை நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, வரும் திங்கள் ஒரு நிபுணரோடு வருகிறேன், கணினியிலிருந்து நேராக எடுத்துச் சான்று வாங்கினால்தான் விசாரணையில் செல்லும் என்றீர்கள். அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. எனக்கும்தான். அவர் சந்தோஷத்தில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார், நான் அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். பதிவு விசாரணைக்குப் போனால் எடுத்தவர் யார் என்று கேட்பார்கள். அவர் மகள் மூன்றாம் மாடியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்தில் நாலு மாதம் முடிந்திருந்தது. நான் கேட்கிறேன், மாமா தூங்கவில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மாமா எழுந்து வருவாரா? உயிரோடு இருப்பது நான். இருபத்து மூன்று வயதில் என் வீட்டில் முதல் தடவையாக ஒருத்திக்கு மேஜை கிடைத்திருக்கிறது. இதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்னைத் திட்டமாட்டார். "சரி பாப்பா, வேற வேலை பாத்துக்கலாம்" என்பார். வேறு வேலை என்னமோ சட்டைப்பையில் இருக்கிற மாதிரி. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஷிப்டில் இருந்தார். பூட் லோடரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். மூன்றாவது வரிக்கு ஒரு பத்தி, நான்காவது வரிக்கு ஒரு பத்தி. ஒன்றை வெட்டி மற்றொன்றுக்கு மேலே ஒட்டினேன். சேமித்தேன். கணினியை அணைத்துப் போட்டு, கீழ் அம்பை இரண்டு தடவை அழுத்தி, என்டரைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. சம்மதம் என்பதுதான் முதலிலேயே தேர்வாகி இருந்தது, என்டர் போதும். அதைத் தட்டாமல் அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன். மொத்தம் ஆறு நிமிடம். வேலை சுத்தமாக இருந்தது. கல்லூரியில் இதற்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

நானே அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அழித்தால் நான் அழித்ததாக ஆகிவிடும்.

மூன்று நாள் அப்பா கணினிப் பக்கம் வரவில்லை, ஷிப்டு மாறி மாறி இருந்தது. அலுவலகத்தில் இருக்கும்போதுகூட ஏழெட்டுத் தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திருப்பி மாற்றிவிட எனக்கு அதே ஆறு நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். உட்கார்ந்த கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை அத்தை வந்தார். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார், ஞாயிறும் போக வேண்டும். நான் பின்கட்டில் அப்பாவின் ஆலைச் சட்டைகளை ஊறவைத்து உட்கார்ந்தேன். கூடத்தில் பேசுவது நன்றாகக் கேட்டது. நாளைக்கு வக்கீலம்மா வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க, இன்னைக்கு ஆசைதீரக் கேட்டுக்கம்மா என்று அப்பா சொன்னார். அத்தை சிரித்தார். நாற்காலி இழுபட்டது, மறுபடி இழுபட்டது.

"ஒண்ணு. ரெண்டு."

தட்டு.

"என்னண்ணா, இன்னைக்கு வேற மாதிரி இருக்கு?" இது அத்தை.

"ஏதோ கேக்குது. எது கேட்டாலும் என்டர்தான், பாப்பா சொல்லியிருக்கு."

மறுபடி ஒரு தட்டு. நான் சட்டைக் காலருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, நீலமா ஒரு கோடு ஓடுது. வந்து பாரேன்."

"வர்றேம்பா. கையெல்லாம் சோப்பு."

அது உண்மை. கையெல்லாம் சோப்புத்தான். அந்தக் கோடு ஓடி முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆகும், முதல் நிமிடத்திலேயே மின்சாரத்தைப் பிடுங்கியிருந்தால் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். நான் ஒரே காலரை நாலு தடவை அலசினேன். அப்பா இன்னொரு தடவை கூப்பிட்டார், அப்புறம் கூப்பிடவில்லை. வேலையாக இருக்கும் மகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைப்பவர்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கணினி தானாகவே அணைந்து எழுந்திருந்தது. பூட் லோடருக்குத் தன் கோப்புகள் கிடைக்கவில்லை. கறுப்புத் திரையில் ரெஸ்க்யூ என்று ஓர் ஆங்கிலச் சொல்லும், அதன் பக்கத்தில் சிமிட்டும் கோடும். என்ன போட்டிருக்கு என்று அப்பா கேட்டார்.

"காப்பாத்துன்னு போட்டிருக்குப்பா."

அப்படித்தான் போட்டிருந்தது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இங்கேதான் நீங்கள் எனக்கு உதவினீர்கள், அக்கா. அப்பா உங்களைக் கூப்பிட்டார். நிபுணரை இன்றைக்கே அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். நான் கைப்பேசியை வாங்கி, வேற ஆள் கை வெச்சா இருக்கறதும் போயிடும், எனக்கு ரெண்டு நாள் குடுங்க என்றேன். "சரிம்மா, நீதான் படிச்சிருக்க" என்றீர்கள்.

ஒன்றை விளக்கிவிடுகிறேன். கணினியில் அழிப்பது என்றால் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. பக்கங்கள் அப்படியே இருக்கும். நிபுணர் வந்திருந்தால் பக்கங்களைப் பொறுக்கி எடுத்திருப்பார், மாமாவின் குரலும் வந்திருக்கும். ஆகவே பக்கங்களை வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஒரு பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, வட்டு முழுக்கச் சுழியமாக எழுதும்படி ஒரு கட்டளை கொடுத்தேன். எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் எண் ஓடும்.

அப்பாவுக்கு எண் படிக்கத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தையும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பழைய வட்டுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. எண் ஏற ஏற அப்பாவின் முகத்தில் களை திரும்பியது. "நாப்பத்தி ரெண்டு" என்பார். அத்தை திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார். "அறுபத்தி நாலு ஆயிடுச்சும்மா. பாப்பா கை வெச்சா வராம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு அப்பா அடுப்படிக்குப் போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். தொண்ணூறு தாண்டியதும் அத்தை என் தலையைத் தடவினார். நான் உதறவில்லை. எனக்கு அப்போது காலும் ஆடவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

நூறு வந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரலப்பா."

"எது வரல?"

"எதுவும்."

அத்தை டீத் தம்ளரை எடுத்துவைத்துவிட்டு, "நீங்க என்னண்ணா பண்ணுவீங்க, மெஷின் பண்ணினதுக்கு" என்று சொல்லி எழுந்துபோனார். அப்பாவுக்கு அப்படி விட முடியவில்லை. அன்றைக்கே என்னிடம் கேட்டார், நான் எத்தனை தடவை அழுத்தினேன் பாப்பா, நீ உள்ள இருந்து கேட்டிருப்பியே என்று. கேட்டேன். ஒண்ணு, ரெண்டு. இரண்டுதான்.

"அவசரத்துல ஒரு தடவை அதிகமா அழுத்திட்ட போலப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கொடுத்தேன். காரணம் தெரியாமல் தவிப்பதைவிட அது மேல் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்புறம் அவர் அந்தப் பதின்மூன்று பேர் வீட்டுக்கும் நடந்துபோய், தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். உங்களிடமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான், ஒரு பிழை இருக்காது.

இப்போது எதையும் இரண்டு தடவை எண்ணுகிறார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எண்ணுவார், அம்மாவிடம் காட்டிச் சரியா என்று கேட்பார். மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டு, கீழே இறங்கி, முதலிலிருந்து ஏறுவார். போன வாரம் பாய்லர் ஹவுஸ் வேலை வேண்டாம், கேட்டில் போடுங்கள் என்று எழுதிக் கேட்டார். எண்ணத் தெரியாதவன் மீட்டர் பார்க்கக் கூடாதாம். அந்த மனு மூன்றாம் மாடிக்கு, என் மேஜைக்குத்தான் வந்தது. பதிவேட்டில் ஏற்றி மேலே அனுப்பினேன். ஒருவிதத்தில் நல்லதுதான், கேட்டில் சூடு இல்லை, அவருக்கும் வயதாகிறது. இதை நான் செய்யாமல் இருந்திருந்தால் அவர் ஓய்வு பெறும்வரை அந்த வெக்கையில்தான் நின்றிருப்பார்.

பதிவுகளில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். தலைப்புப் போட்டு, வரிசைப்படுத்தி வைத்தவள் நான்தானே. யாராவது கேட்டால் மாமா பேசியதை அப்படியே எழுதித் தருவேன். வரிகளை மாற்றியது நான், பதினெட்டு நிமிடம் வராமல் இருந்தது நான், வெள்ளையடித்தது நான், அப்பாவைத் தப்பாக எண்ணியவர் ஆக்கியதும் நான். அப்பா ஒரு தவறும் செய்யவில்லை. கடிகார மாமா தூங்கவில்லை. இதையெல்லாம் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எந்த விசாரணையிலும் நீங்கள் காட்டலாம். மூடி மறைத்து வாழ்கிற ஆள் நான் இல்லை.

விசாரணை இந்த மாதம் பதினேழாம் தேதி முடிகிறது என்றீர்கள். எனக்கு நிரந்தர ஆணை முப்பதாம் தேதி கைக்கு வரும். மறுநாள் காலையில், அலுவலகம் போகும் வழியிலேயே, இதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன். இப்படி ஓர் உண்மையை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது.